மூன்றாவது ஓலை

இயேசு மரி சூசை துணை

ஏற்காடு
27.4.1987

என் அன்பு மகள் தேவகுமாரிக்கு அப்பா மரியஜோசப் எழுதுவது. இங்கே நான் சுகம். உன் சுகத்துக்காக நேற்றுப் பூசையில் மெழுகுவத்தி ஏற்றினேன்.

கண்ணு, நேற்றுக் கோயிலில் உன் முதல் ஓலையை வாசித்துவிட்டார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று சாமியார் படித்தபோது, கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. நான் பீடத்துப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு ஞாயிறு, இரண்டு ஓலை. மூன்றாவதையும் வாசித்துவிட்டால் பிறகு யாரும் வாயைத் திறக்க முடியாது.

நீ விரும்பினாய், சாமியாரும் நல்ல பையன் என்றார், சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியது வேறு, மனசு ஒப்பியது வேறு. பாக்கியநாதன் செய்வது என்ன வேலை? லாட்ஜில் தங்குகிறவர்களைப் பன்னிரண்டு பேராக வேனில் ஏற்றி, ஒரே நாளில் சேலத்தைச் சுற்றிக்காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுகிறான். அதாவது பேசுவதுதான் வேலை. யாரென்றே தெரியாதவர்களிடம் தினமும் சிரித்துப் பேசுகிறவனின் எந்தச் சிரிப்பை நான் நம்புவது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒண்டிக்கடை முக்கில் டீக்கடை வைத்திருக்கும் செல்லப்பன் நேற்றுக் கிளாசைக் கழுவிக்கொண்டே, "ஏனுங்க ரைட்டரே, உங்க மாப்ள சேலத்துல மத்தியானமானா செவ்வாய்ப்பேட்டையில ஒரு ஊட்டுக்குள்ள போறாருங்களாம். டிரைவர் பேசிக்கிட்டாருங்க" என்றான். டீயை மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

முப்பது வருஷமாக எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராகக் காப்பிப் பழச் சாக்கைக் கவிழ்த்துப் பார்த்தவன் நான். மேலே எல்லாச் சாக்கும் சிவப்பாகத்தான் இருக்கும். கவிழ்த்தால்தான் அடியில் கிடக்கும் பச்சைக்காய் தெரியும். அதனால் வருகிற சனிக்கிழமை வேனில் எனக்கும் ஒரு சீட்டுப் போட்டுவிட்டேன். லாட்ஜ் முதலாளி பாலசுப்பிரமணியம், "நீங்க பார்க்காத சேலமுங்களா?" என்று சிரித்தார். அவர் சிரிக்கட்டும்.

வெயில் நேரத்தில் தலையை மூடாமல் வெளியே போகாதே.

உன் அப்பா,
மரியஜோசப்

*

திருச்சி
30.4.1987

அன்பான அப்பாவுக்கு, குமாரியின் வணக்கமும் முத்தங்களும்.

கடிதம் வந்தது. படித்துச் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது, பிறகு மறுபடியும் சிரித்தேன். சேலத்துக்கு என்னோடு ஒருநாள் வாருங்கள், கண் டாக்டரைப் பார்க்கலாம் என்று எத்தனை தரம் கூப்பிட்டிருப்பேன். இறங்கி ஏற இடுப்பு தாங்காது என்பீர்கள். இப்போது சீட்டுப் போட்டுக்கொண்டு போகிறீர்கள், இடுப்பு என்ன ஆயிற்று?

போங்கள். அவர் சந்தோஷப்படுவார். "மாமா ஒருநாளாச்சும் நம்ம வேன்ல வரணும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். கோபுரத்தைப் பாருங்கள், கொலுசு செய்கிற பட்டறையைப் பாருங்கள், நல்ல ஹோட்டலில் சாப்பிடுங்கள். ஆனால் அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

டீக்கடைப் பேச்சுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. கேட்க வேண்டுமானால் நேரே அவரிடம் கேளுங்கள், சொல்வார். ஒன்று மட்டும் சொல்கிறேன் அப்பா, வருத்தப்படக் கூடாது. அம்மாவைக் கேட்ட மாதிரி அவரைக் கேட்காதீர்கள். நம் வீட்டில் அந்தக் கேள்விகள் அம்மாவோடு போய்விட்டன என்று நினைத்திருந்தேன்.

லீவு கிடைத்துவிட்டது. பதினெட்டாம் தேதி கிளம்புகிறேன். இருபதாம் தேதி கல்யாணத்துக்கு இரண்டு நாளாவது வீட்டில் இருக்க வேண்டாமா? மாத்திரையை மறக்காதீர்கள்.

அன்பு மகள்,
குமாரி

*

இயேசு மரி சூசை துணை

ஏற்காடு
4.5.1987

அன்பு மகள் குமாரிக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

போய் வந்தேன். எழுத நிறைய இருக்கிறது, உட்கார்ந்து படி.

காலையில் ஒண்டிக்கடை முக்கில் வேன் ஏறினோம். என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். மெட்ராஸ்காரர்கள் கொஞ்சம், ஒரு பம்பாய்க் குடும்பம், தேவகோட்டையிலிருந்து காது மந்தமான மீனாட்சி அம்மாள். அந்தம்மாளின் மகன் லாட்ஜில் சீட்டாட உட்கார்ந்துவிட்டுத் தாயை மட்டும் அனுப்பி வைத்திருந்தான்.

உன் ஆள் எல்லோருக்கும் முன்னால் என்னை மாமா என்றான். "முன் சீட்டுல உக்காருங்க மாமா, வளைவுல குலுங்காது" என்றான். முன்னால் உட்கார்ந்தால் பின்னால் நடப்பது எப்படித் தெரியும்? கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், வேலையில் சுறுசுறுப்புத்தான். பாதி மலையில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. தன் துண்டாலேயே துடைத்தான். எப்போதும் இப்படித்தானா, நான் இருப்பதற்காகவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பம்பாய்க்காரியிடம் இந்தியில் என்னவோ சொன்னான், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன சொன்னானோ, எனக்கு எப்படித் தெரியும்?

கோயில் பார்த்தோம். கொலுசுப் பட்டறை பார்த்தோம். மத்தியானம் செவ்வாய்ப்பேட்டையில் ஹோட்டலில் எங்களை உட்கார வைத்து, இலை போடச் சொல்லிவிட்டு, "அரை மணி நேரத்துல வந்துடறேனுங்க" என்று கிளம்பினான். நான் கையைக் கழுவிக்கொண்டு பின்னாலேயே போனேன். இரண்டு சந்து தள்ளி ஒரு பச்சைக் கதவு. தட்டினான். கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை கதவைத் திறந்தது. உள்ளே போனான். எதிரே இரும்புக்கடையில் ஆணி விலை கேட்கிற மாதிரி நின்றேன். திரும்பி வரும்போது ஒரு காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "செவ்வாய்க்கிழமை மறக்காம வந்துருங்க" என்றது. இதை நான் காதால் கேட்டேன் குமாரி. டீக்கடைப் பேச்சு இல்லை.

அதோடு முடியவில்லை. சாப்பாடு முடிந்து வேன் கிளம்பி, அம்மாபேட்டையில் தறி பார்க்க இறங்கியபோது மீனாட்சி அம்மாளைக் காணோம். ஹோட்டல் கொல்லைப்புறம் போயிருந்தாராம். வேனில் பன்னிரண்டு பேரும் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தம்மாள் வெளியே வந்து வேனைத் தேடி வெயிலில் நடந்து, மயங்கி விழுந்து, யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பொழுது சாயும் நேரத்தில்தான் கண்டுபிடித்தோம். நெற்றியில் தையல்.

லாட்ஜ் வாசலில் அந்த மகன் உன் ஆளின் சட்டையைப் பிடித்துவிட்டான். பாலசுப்பிரமணியம் எல்லோருக்கும் முன்னால், "நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். பாக்கியநாதன் ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பில்லாதவன் ஏன் பேசாமல் நிற்கிறான், சொல்லு.

பன்னிரண்டு பேரைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் உன்னை எப்படிப் பார்த்துக்கொள்வான்? நேற்று இரண்டாவது ஓலையை வாசித்தார்கள். பூசை முடிந்து சாமியாரைப் பார்த்து, மூன்றாவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். என்ன காரணம் என்றார். மகளிடமிருந்து பதில் வரட்டும் என்றேன்.

உன் நல்லதுக்குத்தான் எழுதுகிறேன்.

அப்பா

*

திருச்சி
7.5.1987

அன்புள்ள அப்பாவுக்கு,

பச்சைக் கதவு லட்சுமி டீச்சர் வீடு. உங்கள் மாப்பிள்ளை அங்கே இந்தி படிக்கிறார். வடக்கேயிருந்து வருகிறவர்களிடம் பேச வேண்டும் என்று ஒரு வருஷமாகப் படிக்கிறார். சென்ற வருஷக் கடைசியில் இந்தி எதிர்ப்புக் கலாட்டா நடந்ததிலிருந்து வெளியே சொல்லிக்கொள்வதில்லை. எனக்குத் தெரியும். அந்தக் காகிதம் வீட்டுப் பாடமாக இருக்கும். நீங்கள் கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பார்.

ஆனால் மீனாட்சி அம்மாள் விஷயம் என்னைத் தூங்க விடவில்லை. உங்கள் மாப்பிள்ளை ஏற்காடு தபாலாபீசிலிருந்து டிரங்க் கால் போட்டார். "தப்பு என்னுதுதான் குமாரி, நாந்தான் சரியா எண்ணல" என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஏற்றும்போதும் இறக்கும்போதும் எண்ணுகிறவர் அவர். எப்படி விட்டீர்கள் என்று மறுபடி மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார்.

நான் ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்கிறேன் அப்பா. உள்ளே வைத்த பஞ்சு எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிச் சொல்வது என் வேலை. ஒன்று குறைந்தாலும் தையல் போட விடமாட்டேன், பெரிய டாக்டர் கத்தினாலும் விடமாட்டேன். அதனால்தான் கேட்கிறேன். ஒரு உயிரை இப்படி அசட்டையாக விட்டுவிட்டு வருகிறவரா நான் கட்டிக்கொள்ளப் போகிறவர்? போனில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். எங்கள் தியேட்டரில் என்றால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றேன். "அனுப்பிட்டாங்க குமாரி" என்றார்.

நீங்கள் கூடவே இருந்தீர்கள். ஹோட்டலில் வேன் ஏறும்போது அவர் எண்ணினாரா, எண்ணவே இல்லையா? பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை நம்புவேன்.

குமாரி

*

இயேசு மரி சூசை துணை

ஏற்காடு
11.5.1987

என் தங்க மகள் குமாரிக்கு அப்பாவின் ஆயிரம் ஆசீர்வாதம்.

கண்ணு, மனசு லேசாக இருக்கிறது. நேற்று மூன்றாவது ஓலையையும் வாசித்துவிட்டார்கள். நானே சாமியாரிடம் போய், தடை ஒன்றுமில்லை, வாசியுங்கள் என்றேன். ஏன் என்று கேட்பாய், சொல்கிறேன்.

எண்ணியது அவன் இல்லை. நான்.

அவன் ஹோட்டலில் கிளம்பும்போதே, "மாமா, நீங்க தெனமும் நூறு பேரை எண்றவரு. வேன் ஏர்றப்ப பன்னெண்டு பேரு இருக்காங்களான்னு மட்டும் பாத்துக்கங்க. நான் டிரைவர்கூட வழி பேசணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்து, எல்லோரும் ஏறியதும் எண்ணினேன். பன்னிரண்டு. சரி என்று கையைக் காட்டினேன், வண்டி எடுத்தார்கள். நான் சரியாகத்தான் எண்ணினேன் என்று சனிக்கிழமை காலைவரை பைபிள் மேல் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன்.

சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டே எஸ்டேட்டில் வேலைக்கு வந்தவர்களைத் தலை எண்ணி மஸ்டர் எடுத்தேன். மேஸ்திரி வெள்ளையன் வழக்கம்போல் ஓரமாக நின்றான். அவன் தலையையும் சேர்த்துத்தான் எண்ணினேன். மஸ்டரில் அப்படித்தான், மேஸ்திரிக்கும் சம்பளம் உண்டே, ஒரு தலைதான். முப்பது வருஷப் பழக்கம். அப்போதுதான் நெஞ்சில் பட்டது. வேனில் நான் பாக்கியநாதனையும் ஒரு தலையாக எண்ணியிருக்கிறேன். அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன் இல்லையா, முதல் தலையே அவன்தான். அவனைச் சேர்த்தால் பதின்மூன்று வந்திருக்க வேண்டும்.

அப்படியே அவன் வீட்டுக்குப் போனேன். ஓடு மாற்றிக்கொண்டிருந்தான். இறங்கி வந்தான். சொன்னேன். "அன்னிக்கே தெரியுமுங்க மாமா" என்றான். "நீங்க எண்றப்ப என்னையப் பாத்தும் உங்க ஒதடு அசைஞ்சுது. அந்தம்மாவக் காணோம்னதும் புரிஞ்சுருச்சு" என்றான். இரும்புக்கடையில் நின்றதையும் பார்த்திருக்கிறான். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்புறம் ஏனப்பா லாட்ஜில் சொல்லவில்லை என்றேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"உங்கள நம்பி எண்ணச் சொன்னது நானுங்க, அப்ப தப்பு என்னுதுதானுங்களே. குமாரிகிட்டயும் நானே எண்ணுனேன்னு சொல்லிட்டனுங்க. கண்ணாலத்துக்கு முன்ன அப்பா மேல அவங்களுக்கு வருத்தம் வந்தா நல்லாவா இருக்கும்? நீங்களும் இத வெளிய சொல்ல வேண்டாமுங்க."

எப்படிப்பட்ட பையன் பார். சட்டையைப் பிடித்தபோதும் பேசவில்லை, கட்டிக்கப் போகிறவளிடம்கூட என்னை விட்டுக்கொடுக்கவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்றான், ஆனால் இப்படி ஒரு நல்ல குணத்தை உனக்கு எழுதாமல் எப்படி இருப்பேன்? பாலசுப்பிரமணியத்திடம் நான் சொல்லவில்லை. அவனே வேண்டாம் என்னும்போது நான் எதற்கு முந்திக்கொள்ள வேண்டும்? வேறொரு லாட்ஜில் பேசிக்கொண்டிருக்கிறான், கிடைத்துவிடும்.

சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. உன் அம்மாவின் பட்டுப்புடவையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். சீக்கிரம் வந்து சேர்.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
மரியஜோசப்

*

திருச்சி
14.5.1987

அன்புள்ள அப்பாவுக்கு,

இவ்வளவு சந்தோஷமாக நீங்கள் எனக்கு எழுதியதில்லை. அதனால் இதை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

சென்ற வாரம் போனில் அவரை மூன்று தரம் கேட்டேன். மூன்றாவது தரம் அவர், "ஒவ்வொரு சீட்டாத் தொட்டு எண்ணுனேன் குமாரி, கண்ணுல வெயில் பட்டு ஒண்ணு கூடிப்போச்சாட்ட இருக்குது" என்றார். அந்த வெயிலைக்கூட நான் மனசில் பார்த்தேன். அந்த வெயில் இல்லவே இல்லை. உங்களுக்காகச் சொன்னது, நல்ல மனசோடு சொன்னது. யாரிடம் கேட்டாலும் இப்படி ஒருவர் கிடைக்க மாட்டார் என்பார்கள். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அரை நாள் தாங்கியது.

பிறகு, இவ்வளவு சரளமாகச் சொல்ல வருகிறதே, வேறு எதில் இப்படிச் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. தோன்றியதோடு விடவில்லை அப்பா. என்னோடு படித்த கமலா சேலத்தில் நர்சாக இருக்கிறாள். ஆஸ்பத்திரி போனில் அவளைக் கூப்பிட்டு, செவ்வாய்ப்பேட்டையில் பச்சைக் கதவு வீட்டைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். போய்ப் பார்த்தாள். இந்தி வகுப்பு என்று போர்டு இருக்கிறதாம், பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்களாம். எனக்கு உயிர் வந்தது. அடுத்த மூச்சில், டீச்சருக்கு என்ன வயசிருக்கும் என்று கேட்டேன். கமலா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா ஞாபகம் வந்தது. கோயிலில் பாட்டுக்குழுவிலிருந்து வருவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, இன்னார் வந்திருந்தார்கள், இன்னாரோடு பேசினேன், இன்ன வழியாக வந்தேன் என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே ஒப்பிக்க ஆரம்பிப்பாள். கடைசியில் பாட்டுக்குப் போவதையே விட்டுவிட்டாள். நீங்கள் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை, திட்டியதில்லை. கேட்டீர்கள், அவ்வளவுதான். நான் மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டு, இந்த வீட்டில் எனக்கு அம்மா குணம்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டிக்கொண்டால் அவர் சேலம் போய்விட்டு வரும் ஒவ்வொரு நாளும் நான் வாசலில் நிற்பேன். அவரும் நல்லவர், சொல்வார். நான் நம்ப மாட்டேன். எனக்குத் தெரிகிறது. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது அப்பா, நொம்பப் பிடித்திருக்கிறது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

அவருக்கு எழுதிவிட்டேன். சாமியாருக்கும் எழுதிவிட்டேன். அவர்மேல் ஒரு குறையும் இல்லை என்று இரண்டிலும் எழுதியிருக்கிறேன். பதினெட்டாம் தேதி நான் வரவில்லை, லீவை ரத்து செய்துவிட்டேன். எனக்காக ஒன்று செய்யுங்கள். பாலசுப்பிரமணியத்திடம் போய், எண்ணியது நீங்கள் என்று சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்ச காலம் எனக்கு எழுத வேண்டாம்.

குமாரி

*

இயேசு மரி சூசை துணை

ஏற்காடு
18.5.1987

அன்பு மகள் குமாரிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். பெற்றவன் எப்படி எழுதாமல் இருப்பேன்?

நீ சொன்னபடி பாலசுப்பிரமணியத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே பையனைத் திரும்பக் கூப்பிட ஆள் அனுப்பினார். அவன் போகவில்லை. நேற்றுச் சாயங்காலம் இங்கே வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். "குமாரி ஒடம்பு நல்லா இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டான். காப்பி போட்டுக் கொடுத்தேன், குடிக்காமலே எழுந்து போனான். சமையல்காரரிடம் வேண்டாம் என்று சொன்னபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உன் கடிதத்தைப் பலதடவை படித்தேன். நீ அம்மாவைப் பற்றி எழுதியதற்கு நான் பதில் சொல்லவில்லை. நான் அவளைக் கேட்டது அக்கறையில். அது அவளுக்குத் தெரியும்.

ஆனால் கண்ணு, ஒன்று எனக்குப் புரியவில்லை. ஓலை மூன்றும் வாசித்தாகிவிட்டது. பையன்மேல் குறையில்லை என்று நீயே எழுதுகிறாய். பிடித்திருக்கிறது என்கிறாய். பிடித்தவனை ஒருத்தி எதற்காக வேண்டாம் என்பாள்? இதற்கு அடியில் வேறு ஏதோ இருக்கிறது. ஆஸ்பத்திரியில் யாராவது டாக்டரா? அந்தக் கமலாவின் பெயரை இதற்குமுன் நீ எழுதியதே இல்லை. அவளுக்கு அண்ணன் தம்பி யாராவது இருக்கிறார்களா? இருந்தால் சொல்லிவிடு, அப்பா கோபப்பட மாட்டேன். எவனாக இருந்தாலும் பார்த்து முடித்து வைக்கிறேன். என்னிடம் மறைக்க மட்டும் மறைக்காதே.

வெள்ளிக்கிழமை திருச்சி பஸ் ஏறுகிறேன். நீ டியூட்டியை விட்டுவிட்டு வர வேண்டாம், உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். ஹாஸ்டலுக்கு எதிரே எங்காவது நிழலில் உட்கார்ந்திருப்பேன். உன்னைப் பார்க்க யார் வருகிறார்கள், நீ யாரோடு போகிறாய் என்று இரண்டு நாள் பார்த்தால் எனக்கே தெரிந்துவிடும்.

உன் அன்பு அப்பா,
மரியஜோசப்